வெளுத்துப்போன படலம்

இன்று காலை கரைப்பான் புட்டியைத் திறந்ததும் அந்த மீன் வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவுதான். சேதராப்பட்டில் நம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே இதை மோந்து பார்த்துவிட்டு, "வைத்திக்குப்பத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வந்தா, இங்கயும் இதே நாத்தமாடி!" என்று சிரித்தாயே.

நம் இருவருக்கும் ஒரே வேலை. பாலிமரைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாக ஊற்றி, காயவைத்து உரித்தெடுக்க வேண்டும். பேட்டரிக்குள் இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளாமல் நடுவே நிற்கிற படலம் அது. நாம் செய்ததெல்லாம் பளிச்சென்று தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அயனிகள் அதைக் கடந்து போக அடம்பிடித்தன. அந்த மாதத்துக்குள் ஒன்றாவது தேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைசிக் கரைசலை ஊற்றிய அன்று பார்த்து ஏசி நின்றுபோனது. வாடை தாங்காமல் நீ சன்னலைத் திறந்துவிட்டாய். ஐப்பசி மாதத்து ஈரக்காற்று உள்ளே வந்தது. நாம் சாப்பிட்டுத் திரும்பினால், படலம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்தில், "படிச்சவளாடி நீ?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். குப்பையில் போடப் போன என் கையைப் பிடித்து, "இருடி, ஒருவாட்டி பேட்டரியில போட்டுப் பாத்துடலாம்" என்றாய். நான் பையை எடுத்துக்கொண்டு மூலக்குளத்து வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தால், நீ தனியாகச் செய்து வைத்திருந்த பேட்டரியில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஈரக்காற்று படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டிருந்தது. அயனிகளைச் சுமக்க உள்ளே விட்ட திரவத்தை அது தாராளமாகக் குடித்திருந்தது. திட்டம் பிழைத்தது. நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடு.

போன வாரம் உன் தம்பியின் படகில் நம் பேட்டரியை மாட்டினோம். உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்குமோ தெரியவில்லை. இன்றுவரை விளக்கு எரிகிறது. நேற்று உன் தம்பி கேட்டான்: "கெட்டுப் போய்ட்டா இன்னாக்கா பண்றது?"

"அப்படியே எங்கிட்ட எடுத்துனு வா," என்றேன். "திட்டமாட்டேன்."