மின்னாவின் கடைசிக் குளியல்

ஜொஹானஸ்பர்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கும் நம் மலையில் எல்லாருக்கும் அமைதி உண்டாகட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இன்று எழுந்ததும் முதல் வேலையாக துக்கத்துக்கு நாம் செய்வதுபோல் என் அறையின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினேன். பயப்படாதே, நம் சொந்தத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை. இந்த முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட மின்னா அம்மாள் நேற்று இறந்துபோனார்.

"என்னை நீதான் குளிப்பாட்டணும், தெரியாத கை படக்கூடாது" என்று கேட்டிருந்தார். வாக்குக் கொடுத்திருந்தேன். இறந்தவர்களைக் குளிப்பாட்டும் இங்கத்திய யூதச் சபைப் பெண்கள் வந்ததும் நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். அவர்களின் தலைவி எட்னா வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள யூதப் பொம்பளைங்க மட்டும்தாம்மா."

"நானும் யூதச்சிதான். உகாண்டாவுல எங்க தாத்தா காலத்துலேருந்து..."

"அதை உங்க ஊரோட வச்சுக்கோ கண்ணு. எங்க குரு, ரபி, உங்களை யூதருன்னு ஒத்துக்கலையே. போய்த் தண்ணி கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். மின்னா அம்மாளின் மலத்தை நான் துடைத்த வருடங்களில் யாரும் எந்த ரபியையும் கேட்கவில்லை.

வறுத்த எள் கொஞ்சம் அனுப்பு; இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை. கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். அடுத்த அறை ஃபேகி அம்மாளும் என்னிடம் அதே வாக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: அவர் கண்மூடும்போது, அவரை நான் குளிப்பாட்டி முடித்த பிறகுதான் எட்னாவுக்குச் சொல்லி அனுப்புவேன்.

உன் மகள்,
நாவுமே