மதிலை ஒட்டின ஷெட்டு

செப்டம்பர் 3, புதன்
லாலுக்குட்டி, இன்னைக்கு உன் ஷெட்டைப் பெருக்கினேன். ஆணியில மாட்டின காக்கிச் சட்டையை மட்டும் துவைக்கல. வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவனுக்கு இவ்வளவு கறையாடான்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்ப அந்த வாசனை போயிடுமோன்னு பயம்.

எழுதினா மனசு ஆறும்னு ஃபாதர் சொன்னாரு. ஆறாவதோட நின்னவ நான். தப்பு இருந்தா சிரிக்காதே.

செப்டம்பர் 9, செவ்வாய்
வீடு உங்க தாத்தா பேர்ல. உன் வண்டியை வித்தாச்சு. உன் போன் நம்பர்ல இப்ப எவனோ இந்தி பேசுறான். லாய்ட்னு உன் பேர் போட்டு இந்த உலகத்துல ஒண்ணுமே இல்லையா?

ஷெட்டு இருக்கே. நீயே கல் அடுக்கிக் கட்டினது. அதுக்கு உன் பேர்ல வரி ரசீது வாங்கலாம்னு தோணிச்சு. உங்கப்பாகிட்டகூடச் சொல்லாம கார்ப்பரேஷன் ஆபீஸ் போனேன். "வரி போடுங்கன்னு தானா வந்து கேக்கிற ஆளை இன்னைக்குத்தாம்மா பாக்கிறேன்"னு அங்க ஒருத்தர் சிரிச்சாரு. அளக்க ஆள் வருமாம். நீ இல்லைங்கிறதை மட்டும் நான் சொல்லல.

மந்தைவெளி மார்க்கெட்ல பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன். நீ போனப்புறம் இன்னைக்குத்தான் பசிச்சது.

செப்டம்பர் 18, வியாழன்
ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து டேப் பிடிச்சு அளந்தாங்க. "இது வீட்டோட சேர்ந்ததா, தனியா?"ன்னு கேட்டாங்க. "தனி சார், என் பையனோடது"ன்னு பெருமையா சொன்னேன். மதிலுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒருத்தர் டேப்பை வைக்கப் போனாரு, விரல்கூட நுழையல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. டீ குடிச்சுட்டு நல்லபடியாதான் போனாங்க.

அக்டோபர் 6, திங்கள்
கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. உங்கப்பா படிச்சாரு. பிளான்ல இல்லாத கட்டடமாம். மதில் ஓரம் இடம் விடலையாம். எடுத்துடணுமாம்.

வரிக்காரங்க வேற, இடிக்கிறவங்க வேற. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க. யாரு? மதிலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா? வஜீஹாதான். தெருவுல நின்னு கத்தினேன். "என் புள்ள போனதும் உனக்குத் தைரியம் வந்துடுச்சா? உன் புள்ள அமீனுக்கு ஒண்ணு ஆனாத்தான்டி உனக்குத் தெரியும்!"

அவ வாசல்ல மீன் கழுவிக்கிட்டிருந்தா. சட்டியை எடுத்துக்கிட்டு உள்ள போயி கதவைச் சாத்திட்டா.

அக்டோபர் 7
நீ போன அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன் அமீன். அந்தப் புள்ளையவா சொன்னேன்?

ஆனாலும் அவங்க செஞ்சது தப்புதானே.

அக்டோபர் 13, திங்கள்
ஷெட்டை விட்டுடச் சொல்லிக் கெஞ்சலாம்னு ஆபீஸ் போனேன். அளக்க வந்தாங்களே, அதுல ஒருத்தர்தான் இருந்தாரு. "பக்கத்து வீட்டுக்காரி புகார் குடுத்தா நீங்க விசாரிக்க மாட்டீங்களா சார்?"னு கேட்டேன்.

"யாரும்மா புகார் குடுத்தா? நீங்கதானே வரி போட அளக்கச் சொன்னீங்க. அளந்தா எங்களுக்குத் தெரியாதா? அந்த அளவு கட்டடப் பிரிவுக்கும் போகும்ல?"

அவரு கோபமா சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டம். "இடம் உங்களுதுதாம்மா. ஆனா மதில் ஓரமா காலியா விடணும். அடுத்த வீட்டுக்குக் காத்து வெளிச்சம் போகணும்ல? நெருப்பு பிடிச்சா ஆள் நுழையணும்ல?" அபராதம் கட்டி வச்சுக்கலாமான்னு கேட்டேன். முடியாதுன்னு தலையை ஆட்டினாரு.

நானே போயி, நானே கூப்பிட்டு, நானே டீ போட்டுக் குடுத்து... ஐயோ லாலு.

உங்கப்பா கேட்டுட்டு, "அந்தம்மாகிட்ட போயி சொல்லு"ன்னாரு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?

அக்டோபர் 19, ஞாயிறு
பூசைக்குப் போனேன். அமீனைச் சொன்ன இந்த வாயில நற்கருணை வாங்கல. திரும்பும்போது ஸ்டேஷன் பக்கமா சுத்தி வந்தேன். நேர் வழியில அவ வாசல் இருக்கு.

அக்டோபர் 27, திங்கள்
இடிச்சாச்சு. சட்டையை முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டேன்.

கூரையும் சுவரும் போனதும் மதிலுக்கு மேல அவங்க சமையக்கட்டு ஜன்னல் தெரிஞ்சுது. அங்க ஒரு ஜன்னல் இருக்கிறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன், நினைச்சதே இல்ல. பட்டப்பகல்ல உள்ள லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்தது. கொஞ்ச நேரத்துல ஒரு கை வந்து அதை அணைச்சது.

நவம்பர் 2, ஞாயிறு
கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி, செவந்திப்பூ எல்லாம் பையில எடுத்துக்கிட்டு கிளம்பினேன். ஜன்னல்ல வஜீஹா அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. மதில்கிட்ட போயி நின்னேன்.

"வஜீஹா, புகார் நீ குடுக்கல. நான்தான் ஆபீஸ்காரங்களைக் கூப்பிட்டேன். அமீனைச் சொன்னேனே... என் வாய் அழுகிப் போகட்டும்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"இத்தனை வருஷம் இருட்டுல சமைச்சிருக்கியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"லாய்ட் தம்பி கட்டறதுக்கு முன்னாடியே வந்து கேட்டுச்சுக்கா. நான்தான் கட்டிக்கோப்பான்னேன்."

என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லல. களைஞ்ச அரிசியையே மறுபடியும் களைஞ்சா.

உன் கல்லறையில மெழுகுவத்தி ஏத்தி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஜெபமே வரல.

லாலுக்குட்டி, நெசமாவே நீ அவகிட்ட கேட்டியாடா?