பத்திரமா வச்சிருக்கேன்

ஜூன் 6, சனி

பிளேடு மழுங்கியது தெரிந்தும் மாற்றாமல் வெட்டினேன். சோம்பேறித்தனம், வேறென்ன? ஒரே அழுத்தில் முடித்துவிடலாம் என்று பலத்தைக் காட்டியதில் ஸ்கேல் நழுவி, அரும்பாடுபட்டு அளந்து குறித்த தோல் துண்டு கோணலாகப் போனது. துணி என்றால் மடித்துத் தைத்து மறைத்துவிடலாம். தோலில் விழுந்த வெட்டு விழுந்ததுதான்.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது: புது பிளேடு போடு. ஸ்கேலை உள்ளங்கை விரித்து அழுத்திப் பிடி. மெதுவாக இரண்டு மூன்று தடவை இழு, ஒரேயடியாக வீரம் காட்டாதே.

பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் பொருத்துகிறவள் நான். கண்ணுக்குத் தெரியாத திருகாணியைக்கூட ஒழுங்காக முடுக்குகிற கை, வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தால் மட்டும் ஆட்டம் போடுகிறது.

இவர் சாப்பாட்டு மேசையின் மறுமுனையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, செருப்புக்கடை திறந்தாச்சா?" என்றார். கோணல் துண்டைப் பார்த்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். புத்திசாலி.

ஜூன் 9, செவ்வாய்

ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஊசியைத் திட்டினேன், தோலைத் திட்டினேன், கடைசியில் இவரையும் திட்டினேன். பாவம், அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 14, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். போர்வை எடுத்து வரச்சொல்லி பீரோ சாவியைக் கொடுத்தாள். போர்வைகளுக்கு அடியில் போன வருடம் நான் தைத்துக் கொடுத்த பணப்பை! நான் சுற்றிய அதே தாளில், நான் ஒட்டிய அதே டேப்போடு.

"ஏன்க்கா, இதைப் பிரிக்கக்கூட இல்ல?"

"பத்திரமா வச்சிருக்கேன்டி! நீ உன் கையால செஞ்சது. புழங்கினா அழுக்காயிடுமே."

சொல்லும்போது அவள் கையில் இருந்தது ஜிப் பிய்ந்த பிளாஸ்டிக் பர்ஸ்.

வழி முழுக்க அதே நினைப்பு. இவருக்குச் செய்த பெல்ட்டை இவர் இடுப்பில் எப்போது பார்த்தேன்? மகளுக்குச் செய்த தோள்பை? சம்பந்தி அம்மாவுக்கு, மகளின் மாமியாருக்கு, பயந்து பயந்து செய்து கொடுத்த சின்னப் பர்ஸ்? எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள் — பத்திரமா வச்சிருக்கேன், பத்திரமா வச்சிருக்கேன். நான் என்ன, மனுஷங்களுக்குச் செய்றேனா, இல்ல பீரோவுக்குத் தீனி போடுறேனா?

ஜூன் 15, திங்கள்

இன்று வீட்டில் விசாரணை.

"அந்த பெல்ட் எங்க?"

"பீரோல இருக்கு. நல்ல நாளா பார்த்துக் கட்டலாம்னு…"

"இன்னைக்கு நல்ல நாள்தான். கட்டுங்க."

கட்டினார். கடைசி ஓட்டைக்கு வருவதற்குள் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. கொக்கி மாட்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஆசையா செஞ்ச. எப்படிச் சொல்றது?"

தப்பு என்னுடையதுதான். பேண்ட்டில் போட்டிருந்த எண்ணை நம்பி வெட்டினேன். இவர் தினமும் கட்டுகிற பழைய பெல்ட்டைத் தரையில் நீட்டிப் போட்டு, கொக்கி மடிப்பிலிருந்து வழக்கமாக மாட்டும் ஓட்டை வரைக்கும் அளந்திருக்க வேண்டும். புதியதில் அதுதான் நடு ஓட்டை. அதற்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இளைத்தாலும் பெருத்தாலும் கவலையில்லை. இவர் இளைக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 17, புதன்

மகளிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் இழுத்தாள். "கோச்சுக்காதம்மா. அந்தப் பை காலியா இருக்கும்போதே மாவு மூட்டை மாதிரி கனக்குது."

உண்மை. பெல்ட்டுக்கு வாங்கிய தடித்த தோல் மிச்சம் கிடக்கிறதே என்று அதிலேயே பையையும் செய்தேன். தோள்பைக்கு அதில் பாதித் தடிமன் தாராளம்.

சம்பந்தி அம்மாவின் பர்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. தைரியமில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவரும் நானும் "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கேங்க" தாண்டிப் பேசியதில்லை.

எல்லாக் கருவிகளையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். எனக்குப் பாராட்டு வேண்டாம். அது வண்டி வண்டியாக வருகிறது. நான் செஞ்ச ஒண்ணே ஒண்ணாவது யாராவது ஒருத்தர் கையில கிடந்து அழுக்காகணும், தேயணும். அவ்வளவுதான் ஆசை. இது பேராசையா?

ஜூன் 20, சனி

கை அரிக்கிறது.

ஜூன் 28, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால்தான் சம்பந்தி அம்மாவின் செடிப் பண்ணை. தொட்டிகளுக்கு நடுவில் நின்று கவாத்துக் கத்தரியால் கிளைகளை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கி முடித்ததும் கத்தரியை அங்கிப் பையில் போடுகிறார். பையின் அடி கிழிந்திருக்கிறது. கத்தரி நேராகக் காலடியில் விழுகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுக்கிறார். அடுத்த செடியை நறுக்கிவிட்டு மறுபடியும் அதே பையில் போடுகிறார். பழக்கதோஷம்.

பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் எனக்குச் செய்ய ஆசையாக இருந்ததைச் செய்து மற்றவர் தலையில் கட்டியிருக்கிறேன். யாருக்கு எது இல்லாமல் கஷ்டம் என்று ஒரு தடவையாவது பார்த்தேனா?

"அந்தக் கத்தரியைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, செய்தித்தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தேன்.

"எதுக்குங்க?"

"ஒரு உறை தைக்கலாம்னு. இடுப்புல மாட்டிக்கலாம்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார், வழக்கம்போல. ஆனால் நான் வரைந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 1, புதன்

மூட்டை பரணிலிருந்து இறங்கியாச்சு. இவர்தான் ஏணியில் ஏறினார். "துறவறம் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

ஜூலை 4, சனி

அதே மாதிரிக் கத்தரி ஒன்று வாங்கிவந்து முதலில் அட்டையில் செய்து பார்த்தேன். உள்ளே போனது, வெளியே வரவில்லை. அடுத்த அட்டையில் வந்தது, ஆனால் தலைகீழாகப் பிடித்தால் விழுந்தது. அதற்கடுத்தது சரி. அட்டை எத்தனை போனாலும் வயிறு எரியாது, அதுதான் அதில் சௌகரியம்.

பிறகு தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கத்தரியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, மேலே விரலால் அழுத்தி வடிவம் பிடித்தேன். சுற்றாமல் வைத்தால் ஈரத்தோலில் இரும்பு கறுப்பாகக் கறை ஏற்றிவிடும். காயும்வரை தொடக்கூடாது. எனக்கோ விரல் சும்மா இருக்காது. இவர் வந்து தட்டிவிட்டார்.

ஜூலை 5, ஞாயிறு

தைத்தேன். தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல், மெழுகு தேய்த்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும். ஓட்டை போடத் தோலுக்கு அடியில் வைக்கும் கருங்கல்லை மேசையின் காலுக்கு நேர் மேலே வைத்துத் தட்டினால் மேசை குதிப்பதில்லை. இது தெரியாமல் போன வருடம் முழுக்க நடு மேசையில் தட்டிக் கீழ்வீட்டுக்காரரின் பகையைச் சம்பாதித்தேன்.

ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக ஈரம் தொட்டு, துணியால் சூடு பறக்கத் தேய்த்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தால் — அழகு. ஐயையோ, ரொம்ப அழகு. இவ்வளவு அழகா இருந்தா இதுவும் பீரோவுக்குத்தானே போகும்!

ஜூலை 12, ஞாயிறு

பயந்தபடியே ஆயிற்று. சம்பந்தி அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். தடவிப் பார்த்தார். "எவ்வளவு அழகா இருக்குங்க! இதை மண்ணுல போட்டுப் புழங்க மனசு வருமா? பத்திரமா…"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. உறையை அவர் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் கிடந்த அவருடைய கத்தரியின் முனையால் முகப்பில் மேலிருந்து கீழே சரக்கென்று ஒரு கோடு இழுத்துவிட்டேன். நல்ல ஆழமான கீறல்.

"அம்மா!" என்று மகள் கத்தினாள்.

"இப்ப இது புதுசு இல்லீங்க" என்றேன். "இனிமே பயப்படாம மாட்டிக்கலாம்."

சம்பந்தி அம்மா கீறலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 13, திங்கள்

மகள் போன் செய்தாள். "என்னம்மா பண்ணிட்ட? அத்தை அப்புறம் யார்கிட்டயும் பேசவே இல்ல."

எனக்கென்ன பைத்தியமா? நானே தைச்சு, நானே கீறி — அதுவும் சம்பந்தி முன்னாடி! மகள் அந்த வீட்டில் இருக்க வேண்டியவள். மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

ஜூலை 19, ஞாயிறு

அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. இவருக்குப் புது பெல்ட் வெட்டினேன். கை வேலை செய்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது.

ஜூலை 27, திங்கள்

மகளிடம் மெல்லக் கேட்டேன். "தெரியலம்மா. நான் விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்பி இருட்டினப்புறம்தான் வர்றேன், பண்ணைப் பக்கமே போறதில்ல. அவங்ககிட்ட அதைப் பத்திக் கேட்கவும் பயமா இருக்கு."

ஆகஸ்ட் 8, சனி

கடையில் நல்ல கூட்டம். பின்னறையிலிருந்து என்னையும் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு பெரியவரின் மூக்கில் கண்ணாடியை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. சம்பந்தி அம்மா! வேலை அங்கியோடு, நகக்கண்ணில் மண்ணோடு.

"என்னங்க தையல் போட்டிருக்கீங்க? ஒரு மாசம்கூடத் தாங்கல!" உறையை என் மேசையில் போட்டார். மொத்தக் கடையும் திரும்பிப் பார்த்தது.

அது நான் செய்த உறைதானா? மண்ணும் இலைச்சாறும் உள்ளங்கை எண்ணெயும் ஏறிக் கறுத்திருந்தது. முகப்பு பூராவும் கீறல். அதில் நான் போட்டது எது என்று தேடினேன், தெரியவில்லை. அடித்தையல் விட்டுப்போய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்திருந்தது.

காரணம் பார்த்ததுமே புரிந்தது. கத்தரியை உள்ளே போடும் ஒவ்வொரு தடவையும் அதன் கூர் நேராக நூலில் உரசியிருக்கிறது. தையல் ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு தோல்பட்டை வைத்துத் தைத்திருந்தால் கூர் அந்தப் பட்டையோடு நின்றிருக்கும். கூரான எதற்கு உறை தைத்தாலும் நடுவில் பட்டை வேண்டும். ஜென்மத்துக்கும் மறக்காது.

"அன்னைக்கு நான் அப்படிப் பண்ணினதுக்கு மன்னிச்சுக்கோங்க…"

"அதை விடுங்க. அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன், இவங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்னு. காலையில மாட்டிப் பார்த்தேன். அதோட சரி, பண்ணையில இருக்கறவரைக்கும் கழட்டறதே இல்ல. இப்ப இது இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடல. எப்பத் தருவீங்க?"

"நாளைக்கு…"

"நாளைக்கா? அங்க ரோஜாச் செடியெல்லாம் யார் வெட்டுறது? மதியத்துக்குள்ள முடியுமா, முடியாதா?"

பெரியவரைப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, சம்பந்தி அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் பழைய நூலைப் பிரிக்கையில் அவர் உறையைப் பிடித்துக்கொண்டார். பட்டை வைத்துத் தைக்கும்போது "அந்தப் பக்கம் கோணுது பாருங்க" என்று குற்றம் வேறு. கோணியதுதான். முடிந்ததும் இடுப்பில் மாட்டி, கத்தரியைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தார். நன்றிகூடச் சொல்லவில்லை, வேலை கிடக்கிறது என்று ஓடிவிட்டார்.

வாசலில் இவர் எதிர்ப்பட்டிருக்கிறார் போல. உள்ளே வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சம்பந்தி என்னமோ முணுமுணுத்துக்கிட்டே போறாங்க. திட்டிட்டாங்களா?"

"ஆமா. கடையில எல்லார் முன்னாடியும்."

"அதுக்கு எதுக்கு நீ இப்படிச் சிரிக்கிற?"

"தையல் விட்டுப்போச்சுங்க! புழங்கிப் புழங்கியே விட்டுப்போச்சு!"