மொய்ரா மச்சாளின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம்

அன்பு மச்சாள் மொய்ராவுக்கு,

மச்சாள் என்று எழுதக் கை கூசுகிறது. அண்ணாவின் மனைவியை நாங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனாலும் முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் உங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் மொய்ரா என்பேன். மற்றவர்களோடு கதைக்கும்போது 'அண்ணாவோட இருக்கிறவ' என்பேன், ஏதோ அவரோடு அறையைப் பங்குபோட்டு வாடகைக்கு இருந்தவர் மாதிரி.

நீங்கள் கண்ணை மூடி மூன்று கிழமையாகிவிட்டது. இங்கே நோர்வேயில், உங்கள் புருசெத் வீட்டை உங்கள் மகள் நோரா இன்னும் ஒதுக்கவில்லை. யன்னலோரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி என்னிடம் சாவி தந்திருக்கிறாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை நான் இருக்கும் ஸ்டோவ்னரில் இருந்து போய் வருகிறேன். நீங்கள் இருந்தபோது இத்தனை தடவை அந்தப் படி ஏறியிருப்பேனா?

இது உங்களுக்கு எழுதுகிற கடிதம்தான். என்றாலும் எங்கள் சனம் எல்லோரும் வாசிக்கிற இடத்துக்கே அனுப்பப் போகிறேன். நான் செய்த அநியாயமும் அவர்கள் எல்லோரும் வாசிக்கிற இடத்தில்தான் நடந்தது.

எங்கள் மரண அறிவித்தல்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் கண்ணை மூடியதும் அவருடைய படத்தைப் போட்டு, பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், சகோதரங்கள், மைத்துனர், மருமக்கள் என்று ஒருவர் விடாமல் எழுதுவோம். யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்கள் அதை வரிவரியாக வாசிப்பார்கள். யாருடைய பெயர் முன்னுக்கு, யாருடைய பெயர் பின்னுக்கு, யாருடைய பெயர் இல்லை என்று பார்ப்பார்கள். பெயர் இல்லையென்றால் அவர் அந்தக் குடும்பத்தில் இல்லை.

எட்டு வருடத்துக்கு முன் அண்ணா காலமானபோது அந்த அறிவித்தலை எழுதியது நான். நீங்கள் ஆஸ்பத்திரிக் கடதாசிகளோடும் சவப்பெட்டிக்காரரோடும் அலைந்துகொண்டிருந்தீர்கள். என் கையைப் பிடித்து, தமிழில் செய்ய வேண்டியதை எல்லாம் நீயே பார் என்று சொன்னீர்கள். நம்பித்தான் தந்தீர்கள்.

பெற்றோரின் அன்பு மகனும், நோராவின் பாசமிகு தந்தையும், சிவமலரின் அன்புச் சகோதரனும் என்று எழுதினேன். 'அன்புக் கணவரும்' என்ற வரியை எழுதவில்லை. தகப்பன் இருக்கிறார், மகள் இருக்கிறாள், தாய் இல்லை. நோரா வானத்தில் இருந்து விழுந்த பிள்ளை. அடியில் 'தகவல்: சகோதரி' என்று என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுக்கொண்டேன்.

ஏன் செய்தேன்? அப்போது என் மகள் கீர்த்தனாவுக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒருநாள் தொலைபேசியில், "உங்கட பக்கத்தில எல்லாரும் எங்கட ஆக்களிலைதானே கட்டியிருக்கினம்?" என்று கேட்டார். "ஓம் ஓம், வேற என்ன" என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைப் போட்டால் அந்தப் பொய் உடைந்துவிடும். நோராவைப் பற்றிக் கேட்டால், தாய் எப்போதோ பிரிந்து போய்விட்டா என்று சொல்ல ஒரு பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வெளிக்கிட்ட கதை.

அந்தச் சம்பந்தம் குழம்பியது உங்களுக்குத் தெரியும். கீர்த்தனா இப்போது துரொண்ட்ஹெய்மில் ஒரு நோர்வேக்காரப் பெடியனோடு குடித்தனம் நடத்துகிறாள். அவனை முதலில் உங்களிடம்தான் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். தாயிடம் வரப் பயம். எப்படிப்பட்ட தாய் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணாவின் அறிவித்தலைத் துண்டுப் பிரசுரமாகவும் அடித்துத் தமிழ்க் கடைகளில் கொடுத்திருந்தேன். அதில் ஒன்றை நீங்கள் எடுத்துவந்து உங்கள் குசினி மேசையில் விரித்தீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினீர்கள். "இதிலை நான் எங்கை இருக்கிறன்?" என்று நோர்வே மொழியில் கேட்டீர்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவு எனக்கு. "இஞ்சை" என்று ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். அது என்னுடைய பெயர்.

நீங்கள் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "வடிவா இருக்கு" என்று தமிழிலேயே சொன்னீர்கள். புருஷனைப் பறிகொடுத்து நாலு நாள் ஆன மனுசி நீங்கள். எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தீர்கள். நானும் வாங்கிக் குடித்தேன்.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு வருடமும் அண்ணாவின் நினைவு நாளுக்கு அதே வரிகளைத் திரும்பவும் போட்டேன். சம்பந்தம் குழம்பிய பிறகும் போட்டேன். அப்போது என்ன சாட்டு? இப்போது சேர்த்தால், முதலில் ஏன் விட்டாய் என்று சனம் கேட்கும் என்ற பயம்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற உங்களை வருடாவருடம் அழித்தேன்.

இந்தமுறை நோரா என்னிடம் வந்தாள். "மாமி, மம்மாவுக்கும் தமிழிலை அறிவித்தல் போடோணும். எனக்கு அந்தத் தமிழ் எழுத வராது. நீங்கள் எழுதித் தாங்கோ" என்றாள்.

கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அதே குசினி மேசையில் இருந்தேன். 'அயர்லாந்தைப் பிறப்பிடமாகவும்' என்று தொடங்கியதும் பேனா நின்றுவிட்டது. அயர்லாந்தில் எந்த ஊர்? தெரியாது. தகப்பன் பெயர்? தெரியாது. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? 'வெள்ளைக்காரருக்கு என்ன சொந்தம் பந்தம்' என்று ஆயிரம் தரம் சொன்ன வாய் இது. உங்களிடம் ஒரு தரமும் கேட்கவில்லை.

நோரா அயர்லாந்தில் இருக்கும் உங்கள் தங்கை பிரிஜிட்டைத் தொலைபேசியில் பிடித்துத் தந்தாள். என் ஆங்கிலம் அவ்வளவுதான் என்பதால், நான் தமிழில் கேட்க நோரா மொழிபெயர்த்தாள். பிரிஜிட் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ. தகப்பனின் பெயர் பற்றிக், தாயின் பெயர் ஆனி. ஏழு பிள்ளைகளில் நீங்கள் நாலாவது. தகப்பன் வருடத்தில் பாதி இங்கிலாந்தில் வீதி வெட்டும் வேலை செய்வார். நத்தாருக்கும், சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டும் காலத்துக்கும்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு பசுவையும் ஏழு பிள்ளைகளையும் தாய் தனியே பார்த்தார். ஏழு பேரில் ஊரில் மிஞ்சியது பிரிஜிட் ஒருவர்தான். இரண்டு பேர் மான்செஸ்டர், ஒருவர் பொஸ்டன், ஒருவர் சிட்னி, ஒருவர் உயிரோடு இல்லை. உலகம் முழுக்கச் சிதறியது எங்கள் சனம் மட்டும்தான் என்று நான் உங்கள் முன்னாலேயே எத்தனை தரம் மூக்கைச் சிந்தியிருக்கிறேன்! நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் தகப்பனின் தங்கை ஒருவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாராம். புறப்படுவதற்கு முதல்நாள் ஊர் கூடி, செத்தவீட்டில் அழுவதுபோல ஒப்பாரி வைத்ததாம். போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்ததால் உயிரோடு இருக்கும்போதே அழுது முடிப்பது அங்கே வழக்கமாம். அவர் திரும்பவேயில்லை. அவருடைய பெயர் நோரா. அந்தப் பெயரைத்தான் மகளுக்கு வைத்தீர்கள். நான் இத்தனை காலமும் அதை நோர்வேப் பெயர் என்று நினைத்திருந்தேன். அண்ணா இடம்கொடுத்துவிட்டார், நீங்கள் தமிழ்ப் பெயர் வைக்க விடாமல் செய்துவிட்டீர்கள் என்று குறையும் சொல்லியிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் நீங்கள் லண்டனுக்குப் போனது விடுதியில் கட்டில் விரிக்கிற வேலைக்கு. சில வருடங்களின் பின் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலை. அங்கே நடந்தது மட்டும் எனக்கு முதலே தெரியும், அண்ணா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கை விறைச்சுப்போய் நிண்டனான். எதிர் மேசையில நிண்டவ தன்ர கையுறையைக் கழட்டித் தந்தவ. அண்டைக்கே முடிவெடுத்திட்டன்."

கடைசியில் பிரிஜிட் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். உங்கள் ஊரிலும் மரண அறிவித்தல் உண்டாம், உள்ளூர் வானொலியில் வாசிப்பார்களாம். உங்கள் தகப்பன் காலமானபோது மருமக்கள் எல்லோருடைய பெயரும் வந்தது, என் அண்ணாவின் பெயரைத் தவிர. நிறம் வேறு, சமயம் வேறு என்று உங்கள் தமையன்மார் எடுத்துவிட்டார்களாம். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, அடுத்தநாள் தேவாலயத்தில் அண்ணாவை முதல் வரிசையில் கொண்டுபோய் இருத்தி, பூசை முடியும்வரை அவர் கையை விடவில்லையாம்.

தொலைபேசியை வைத்ததும் நோராவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "நோரா, அப்பான்ர அறிவித்தலிலை..."

"தெரியும் மாமி."

"என்ன தெரியும்?"

"மம்மா அண்டைக்குப் பின்னேரமே அந்தப் பேப்பரைக் கொண்டந்து, இதுதானாம் என்ர பெயர், எழுதப் பழக்கு எண்டவ. நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனனான் தானே. சிவமலர் எண்டு வாசிச்சன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பொழுதுபடும் வரைகூட நிற்கவில்லை. எட்டு வருடம் நின்றதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"மாமியோட இதைக் கதைக்காதை, அவ தன்ர அண்ணாவை இழந்து நிக்கிறா எண்டவ."

எல்லாம் தெரிந்துகொண்டா மச்சாள், பொங்கலுக்கு என் வீட்டில் வந்து இருந்து சாப்பிட்டீர்கள்? எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தபோது தெரிந்துகொண்டா ஒரு மாதம் வந்து குளிக்க வார்த்தீர்கள்? நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்கள் கை என் முதுகைத் தேய்த்ததை நினைக்க உடம்பெல்லாம் கூசுகிறது.

அன்றைக்கே அறிவித்தலை முழுதாக எழுதினேன். மேயோவையும் பற்றிக்கையும் ஆனியையும் எழுதினேன். அண்ணாவின் பெயரைப் போட்டு, பாலச்சந்திரனின் அன்பு மனைவியும் என்று எழுதினேன். நோராவையும் உங்கள் சகோதரங்களையும் ஊர்களோடு எழுதினேன். கடைசியில் 'சிவமலரின் பாசமிகு மைத்துனியும் ஆவார்' என்று முடித்தேன். ஒரு நியாயம் செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

நோரா எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தாள். "தூசன் தக், மாமி, ஆயிரம் நன்றி. நல்லா எழுதியிருக்கிறியள்" என்றாள். பிறகு என் கையில் இருந்த பேனாவை வாங்கிக் கடைசி வரியை வெட்டினாள்.

"மம்மா உங்களோட கோவிக்கேல்லை. எனக்குக் கோவம் இருக்கு. உங்கட பெயர் இதிலை வேண்டாம்."

சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். நான் அந்த வரி இல்லாமல் என் கையாலேயே சுத்தமாகத் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

அறிவித்தல் வெளிவந்த நாளில் இருந்து என் தொலைபேசி ஓயவில்லை. "சிவமலர், உம்மட பெயரை விட்டிட்டாங்கள், அச்சுப் பிழை போல. திருத்திப் போடச் சொல்லும்" என்கிறார்கள். அண்ணாவின் அறிவித்தலில் உங்கள் பெயர் இல்லாதபோது ஒருவர்கூட எடுத்துக் கேட்கவில்லை. எட்டு வருடத்தில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. கேட்ட முதல் இரண்டு பேருக்கு நானும், "ஓம், ஏதோ தவறிப்போச்சு" என்றுதான் சொன்னேன் மச்சாள். இவ்வளவுக்குப் பிறகும் என் வாயில் பொய்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற மாதம் அண்ணாவின் நினைவு நாள். மொய்ராவின் அன்புக் கணவரும் என்ற வரி அதில் இருக்கும். நோரா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அனுப்புவேன். உங்கள் அறிவித்தலில் என்னைச் சேர்க்கச் சொல்லி அவளிடம் ஒருநாளும் கேட்கமாட்டேன். அச்சுப் பிழையா என்று இனி யார் கேட்டாலும், பிழை இல்லை, என் மருமகள் சரியாகத்தான் செய்தாள் என்று சொல்லி, ஏன் என்றும் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
அறிவித்தலில் பெயர் இல்லாத
உங்கள் மச்சாள்
சிவமலர்