ஒன்பது இலட்சமாவது இழுப்பு

ஷெஃபீல்ட்
12.02.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? ஊரில், சல்லியில், நேவிக்காரர் கடலுக்குப் போக விடுகிறார்களா?

இங்கே டைட்டானியத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக உலோகத் துண்டுகள் செய்கிறோம். அவை களைத்து உடையும்வரை இயந்திரம் இழுத்து இழுத்து விடும். போன கிழமை ஒன்று, ஒன்பது இலட்சமாவது இழுப்பில் படாரென்று உடைந்தது. ஷெல்லடிக்கும்போது “விழுந்து படு, பிள்ளை” என்று கத்தும் உங்கள் குரல்தான் எனக்குக் கேட்டது. மேசைக்குக் கீழே கிடந்தேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டவர்களிடம், பேனை என்றேன்.

உடைந்த இடத்தில், உள்ளே ஊசிமுனையளவு துளை ஒன்று இருந்தது. அடுத்த துண்டை அழுத்திச் சுட்டு, துளைகளை இறுக்கிவிட்டேன். அது நாலு நாளாக உடையாமல் ஓடுகிறது.

மிளகாய்த்தூள் அனுப்புங்கள். பொதிக்கு முடிச்சை, வலைக்குப் போடுவதுபோல், நீங்களே போடுங்கள்.

ஆய்வுகூடம் பூட்டப்போகிறார்கள், முடிக்கிறேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருக்கிறேன். இந்தத் துண்டு உடையும்போது கதிரையைவிட்டு எழும்பமாட்டேன்.

மகள்,
நிரோஜினி