காட்டைப் பெருக்கியவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தக் கடலோரக் குட்டி மழைக்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. நடைபாதையை மட்டும்தான் பெருக்கச் சொன்னார்கள். உன் வளர்ப்பு சும்மா விடுமா? மரத்தடிச் சருகையெல்லாம் கூட்டிக் கொட்டகைக்குப் பின்னால் குவித்துவிட்டேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"காட்டையே பெருக்கிட்டியாம்மா? விதையெல்லாம் அந்தச் சருகுலதானே கிடக்கும்!"

திரும்ப மரத்தடியில் அள்ளிப் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது; குவியல் அப்படியே கிடந்துவிட்டது. நேற்றுப் பார்த்தால் குவியல் முழுக்க முளை! வெயிலும் ஈரமும் அங்கே தோதாகக் கிடைத்ததாம். பல வருடமாகக் கன்றே காணாத ஒரு கிழட்டு மரத்தின் கன்றும் அதில் சிவப்பு இலையோடு நிற்கிறது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "இனிமே நீதான் இதுக்கு அம்மா" என்றார்.

ஒரு சின்ன உதவி. அலாரத்துக்கு எனக்கு விழிப்பே வருவதில்லை. "எருமை, எழுந்து வீட்டைப் பெருக்குடி" என்று தினமும் கத்துவாயே, அதை அப்படியே போனில் பதிந்து அனுப்பு. கொஞ்சம் நீளமாகவே திட்டு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

கையெல்லாம் மண்ணோடு,
உன் எருமை