லைட்டை அணைத்துவிட்டுத்தான் வந்தாய், ராமையா

என் ஆசை மச்சான் ராமையாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. மெர்டேக்கா வந்துவிட்டது, நாட்டுக்குச் சுதந்திரம். பண்டார் ஹிலிர் கடைக்காரர்கள் இன்னும் கொடிகளை இறக்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். உன் கார் ஓடுகிறது. உன் கமலம்தான் ஓட்டுகிறாள்.

ஆமாம், என் தங்கச்சியேதான். பிரசவம் பார்க்கும் மிஸியான அவளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட நீ இருந்தாய். மூன்றே நாள் காய்ச்சலில் நீ போன பிறகு, அவள் யாரையும் கேட்காமல் லைசென்ஸ் எடுத்தாள். சோதனை வைத்த அதிகாரி இரண்டு முறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கடைசி ஒரு வருஷம் உன் கார் காலையில் முனகும், நினைவிருக்கிறதா? ஸ்டார்ட்டரை இழுத்தால் எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். காஜா பேராங்கில் என் பட்டறைக்குக் கொண்டுவருவாய். நான் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போடுவேன். இரண்டு வாரம் ஓடும், மறுபடி வருவாய். "காடி லைட்டை அணைக்காம தூங்கப் போயிடுறான்" என்று காப்பிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். "இல்ல மச்சான், நான் அணைச்சேன்" என்பாய். ஒரு தடவையாவது நம்பினேனா?

நீ போன பிறகும் அதே முனகல். புதுப் பேட்டரி போட்டேன். ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசைமேல் ஓட்டிப் பார்த்தேன், பம்பரமாகச் சுற்றியது. காரில் மாட்டினால் முனகல். கமலம் முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றப் போய், அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. உன் அண்ணன் புக்கிட் பாருவிலிருந்து காரை வாங்க ஆள் கூட்டி வந்தார். "பொம்பளைக்கு எதுக்கும்மா காடி?" என்றார். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கோளாறு எதுவென்றே தெரியாத நான் அவளுக்காக என்ன பேசுவது?

போன மாதம் ஒரு காலை. கிளேபாங்கிலிருந்து யூசோப் என்ற மீனவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. கார் முனகியது. கமலம் ஆள் அனுப்ப, நான் ஹேண்டிலோடு ஓடினேன்.

"அண்ணே, சுத்துறதுக்கு முன்னாடி இந்த சோக் பிடியைத் தொட்டுப் பாருங்க. ஸ்டார்ட்டர் இழுக்கிறப்பெல்லாம் சுடுது."

"பழைய காடி, சுடாம என்ன செய்யும்?"

"எஞ்சின்தான் இன்னும் ஓடவே இல்லையே அண்ணே. அப்புறம் எப்படிச் சுடும்?"

அவளை ஒருமுறை இழுக்கச் சொல்லிவிட்டுத் தொட்டேன். சுரீரென்றது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் திரும்பி வர, எஞ்சினையும் வண்டிச் சட்டத்தையும் இணைக்கும் தடித்த பின்னல் கம்பி ஒன்று உண்டு. அந்த வழி சரியில்லாததால் அவ்வளவு மின்சாரமும் பிடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் சோக்கின் மெல்லிய கம்பியில் நெருக்கியடித்துத் திரும்பியிருக்கிறது. பேட்டரிமேல் தப்பே இல்லை.

பேச நேரமில்லை. ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பி, நானும் யூசோப்பும் ஏறிக்கொண்டோம். கிளேபாங்கில் கமலம் உள்ளே போனதும், நான் எஞ்சினை நிறுத்திவிட்டு மணலில் படுத்து வண்டிக்கடியில் நுழைந்தேன்.

அந்தப் பின்னல் கம்பியின் ஒரு முனை தளர்ந்து கிடந்தது. அடியில் துரு. நீ போவதற்கு ஒரு வருஷம் முன்பு கிளட்ச் மாற்றினோமே, அப்போது கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவன் யார்? நான்தான். அதற்காகக் கழற்றிய இந்தக் கம்பியின் நட்டை முழுதும் முறுக்காமல் விட்டதும் நான்தான், மச்சான்.

உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கி முறுக்கினேன். யூசோப் உள்ளே போகவும் முடியாமல் வெளியே நிற்கவும் முடியாமல் என் காலடியில் குந்தியிருந்தார். ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

கமலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." யூசோப்பிடம் மலாயில் சொன்னாள். அவர் உள்ளே ஓடினார்.

"இழுத்துப் பாரு" என்றேன். ஒரே இழுப்பு. எஞ்சின் பட்டென்று பிடித்துக்கொண்டது.

நான் நடந்ததைச் சொன்னேன். "என் தப்பு, கமலம். வீணா மச்சான்மேல பழி போட்டேன்."

அவள் எஞ்சினை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "வாசல் வரைக்கும் வந்துட்டு லைட்டைப் பாக்கத் திரும்பிப் போவாருண்ணே. சில நாள் ரெண்டு தடவ. நீங்க சொல்லிச் சொல்லி, அவருக்கே அவருமேல சந்தேகம் வந்துடுச்சு."

ராமையா, இது எனக்குத் தெரியாதே! ஏன் என் சட்டையைப் பிடித்து ஒரு நாள் கேட்காமல் போனாய்?

மறுநாளே காப்பிக் கடையில் நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரித்த அதே ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் கர்ப்பமாயிருக்கும் மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அவரே கமலத்தைக் கேட்டு வந்தார்; முன் சீட்டில் அவரும் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கமலம் பட்டறைக்கு வருகிறாள். பிளக்கைக் கழற்றித் துடைக்கிறாள், தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி பார்க்கிறாள். என்னைவிட அவளுக்குக் காது கூர்மை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவர் வண்டி கொண்டுவந்தாலும், ஓட்டுகிறவர் சொல்வதை முழுசாகக் கேட்டு, நம்பி, அதன் பிறகுதான் பானெட்டைத் திறப்பேன்.

உன் சொல்லை நம்பத் தாமதித்த,
உன் மச்சான்,
வீரையா